2,500 ரூபாய்க்குள் பாட்டு கேட்க எது வாங்கலாம்? வயர், இயர்பட்ஸ், நெக்பேண்ட், பெரிய ஹெட்போன்: ஓர் ஒப்பீடு

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் தங்கை மகள் போன மாதம் போன் செய்தாள். "மாமா, 2,500 ரூபாய் சேத்து வெச்சிருக்கேன். பாட்டு கேக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க. மூணு பாத்து வெச்சிருக்கேன், எதுன்னு முடிவு பண்ண முடியல." அவள் அனுப்பிய மூன்றில் ஒன்று இயர்பட்ஸ், ஒன்று நெக்பேண்ட், இன்னொன்று தலையில் மாட்டும் ப்ளூடூத் ஹெட்போன். மூன்றின் படத்திலும் 'டீப் பேஸ்' (ஆழ்ந்த தாழ்ந்த ஒலி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வயர் வைத்தது ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டால், "வயரா? இப்ப யாரு மாமா வயர் போடுறா?" என்கிறாள்.

இதே குழப்பத்தோடு வாசகர்களும் அடிக்கடி எழுதுகிறார்கள். எல்லோருடைய கேள்வியும் 'எந்த கம்பெனி?' என்பதுதான். எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் கம்பெனியைத் தேர்வது அரை மணி நேர வேலை. அதனால் இங்கே வகைகளைத்தான் எடை போடுகிறேன். இடையிடையே சில மாடல்களின் பெயர் வரும். விலைகள் தள்ளுபடியைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பதால் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒலி. பேஸ் அதிகம் இருந்தால் நல்ல ஹெட்போன் என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது. நான் சோதிப்பதற்கு எடுத்துக்கொள்வது மிருதங்கம். வலந்தலையின் (வலது பக்கத்தின்) கூர்மையான சொற்களும் தொப்பியின் (இடது பக்கத்தின்) ஆழ்ந்த சத்தமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். தொப்பியில் கை பட்டதும் சத்தம் எழுந்து, அடுத்த அடிக்கு முன் அடங்கிவிட வேண்டும். பேஸை ஏற்றிவிட்ட மலிவு ஹெட்போன்களில் அது அடங்காமல் பரவிப் பாடுபவரின் குரல் மேல் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தது தம்புரா: பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அது கேட்கிறதா? கடைசியாக, பாடகர் 'ச', 'ஸ' என்று உச்சரிக்கும் இடங்கள். அங்கே ஊசி குத்துவது போல இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் காதில் வைத்திருக்க முடியாது. சினிமாப் பாட்டுதான் கேட்பீர்கள் என்றால் மிருதங்கத்துக்குப் பதில் பேஸ் கிடாரைப் பின்தொடருங்கள். எந்த ஸ்வரம் வாசிக்கிறார் என்று வாயால் பாடிக் காட்ட முடிந்தால் ஒலி தெளிவு.

இரண்டாவது, எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பது. டவுன் பஸ், ஹாஸ்டல் அறை, ஆபீஸ், இரவில் படுக்கை, ஒவ்வொன்றுக்கும் விடை மாறும். மூன்றாவது ஆயுள்: எத்தனை வருடம் உழைக்கும், கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா? நான்காவது, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள். ஐந்தாவது உங்கள் காது. ஒருவருக்குப் பாந்தமாக உட்காரும் இயர்போன் இன்னொருவர் காதில் நிற்கவே நிற்காது, இதில் யார் சொல்வதையும் நம்பிப் பயனில்லை.

இங்கே விலை பற்றி ஒரு சேதி. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார்கள். பேஸ் எவ்வளவு, குரல் பகுதி எவ்வளவு, உச்ச ஒலிகள் எவ்வளவு என்ற பங்கீட்டுக்கும் விலைக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. விலை கூடினால் கட்டுமானமும் சொகுசும் கூடலாம், ஒலி கூடும் என்று உறுதியில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல சேதி.

## உங்கள் 2,000 ரூபாய் எங்கே போகிறது

வயர் இயர்போனில் நீங்கள் கொடுக்கும் காசு ஸ்பீக்கருக்கும் அதைச் சுற்றிய கூட்டுக்கும் வயருக்கும் போகிறது. அதே 2,000 ரூபாய் இயர்பட்ஸில் மூன்று பேட்டரி (பெட்டிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று), இரண்டு ப்ளூடூத் சிப், நான்கைந்து மைக், தொடு உணரி, சார்ஜிங் பெட்டி என்று பிரிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதில்தான் ஸ்பீக்கர். 20,000 ரூபாய் இயர்பட்ஸில் இந்தப் பங்கீடு பெரிதாக உறைக்காது, 2,000 ரூபாயில் நன்றாகவே உறைக்கும். என் பரிந்துரைகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

## வயர் இயர்போன்

வயர் என்றால் போனோடு இலவசமாக வந்துகொண்டிருந்த வெள்ளை வயரை நினைத்துக்கொள்ளாதீர்கள். காதுத் துவாரத்தை நன்றாக அடைத்து உட்காரும் இயர்போன்களில் சீன கம்பெனிகள் கடந்த சில வருடங்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துவிட்டன. ஹர்மான் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர், கேட்பவர்களை உட்காரவைத்து எந்த ஒலிப் பங்கீடு பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று ஆராய்ந்து ஒரு வளைகோட்டை வரைந்தார்கள். அதைப் போன்ற ஓர் இலக்கை வைத்துக்கொண்டு 20 டாலர் பொருளைக்கூடச் சுருதி சேர்க்க முடியும் என்று இந்தக் கம்பெனிகள் காட்டின. 2022இல் வந்த மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ இரண்டும் அந்த ரகம். கேஇசட் கம்பெனியின் ஈடிஎக்ஸ் ப்ரோ போன்றவை 1,000 ரூபாயை ஒட்டியே கிடைக்கும். பேஸும் உச்ச ஒலியும் சற்றுத் தூக்கலாக இருக்கும், ஆனால் அந்த விலைக்குக் குறை சொல்ல மனம் வராது.

வயர் இயர்போன்கள் சாவது பெரும்பாலும் வயரால்தான். ஜாக் பக்கத்தில் மடங்கி மடங்கி, ஒரு நாள் ஒரு பக்கம் கேட்காது. அதனால் வயரைக் கழற்றி மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் மூன்ட்ராப் சூவில் வயர் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. 2023இல் வந்த சூ 2இல் கழற்றலாம். 2,000 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக விற்கும் இதில் வயர் போனால் இன்னொரு டூ-பின் வயர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஸ்பீக்கர் பாட்டுக்கு உழைக்கும்.

மறைவுச் செலவு ஒன்று உண்டு. உங்கள் போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லையென்றால் டைப்-சி டாங்கிள், அதாவது சார்ஜ் துளையில் செருகி வயரை மாட்டும் சின்ன இணைப்பான், வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொபைல் கடையில் 100 ரூபாய்க்குத் தொங்கும் டாங்கிள்களில் பல வெறும் வயர் மாற்றிகள். போனே ஒலியை அனலாக்காக டைப்-சி வழியே வெளியே அனுப்பினால்தான் அவை வேலை செய்யும், பல போன்கள் அப்படி அனுப்புவதில்லை. உள்ளே ஒலி மாற்றும் சிப், அதாவது டிஏசி, இருக்கிறது என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். 500 ரூபாயிலிருந்து கிடைக்கும். ஆப்பிளின் சின்ன டாங்கிள் ஒலியில் நல்ல பெயர் வாங்கியது, ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும். ஐபோனுக்கோ லேப்டாப்புக்கோ தயங்காமல் வாங்கலாம். டாங்கிள் மாட்டியிருக்கும்போது பெரும்பாலான போன்களில் சார்ஜ் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் ரப்பர். பெட்டியில் மூன்று அளவில் சிலிக்கான் ரப்பர் வரும். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர அளவை அப்படியே காதில் வைத்துவிட்டு "பேஸே இல்லை" என்பார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் ஒரு நல்ல இயர்போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். காதுக்கும் ரப்பருக்கும் இடையில் இம்மி இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். பெரிய ரப்பரை மாட்டியதும் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் வந்துவிட்டது. இரண்டு காதும் ஒரே அளவு என்றும் இல்லை, எனக்கு இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிவிட்டுப் போட்டால், நடக்கும்போது சட்டையில் உரசும் 'கரகர' சத்தமும் குறையும்.

இது பொருந்துவது: உட்கார்ந்து பாட்டை முழுதாகக் கேட்பவர்களுக்கு, பஸ், ரயில் பயணிகளுக்கு, கீபோர்டு ஆப் வைத்துப் பழகுபவர்களுக்கு. ப்ளூடூத்தில் விரல் அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே தாமதம் இருக்கும், வயரில் அது இல்லை. பொருந்தாதது: ஓடுபவர்களுக்கு, சமையல் செய்துகொண்டே கேட்பவர்களுக்கு. குக்கர் கைப்பிடியில் வயர் மாட்டிய அனுபவம் எங்கள் வீட்டில் உண்டு.

## இயர்பட்ஸ்

வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்தால் போனோடு சேர்ந்துவிடும், பாக்கெட்டில் இடமும் அடைக்காது. 2,000 ரூபாய் ரகத்தில் ஒலியும் முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் அதே காசுக்கு வயர் இயர்போன் தரும் தெளிவு இதில் வராது. பல மாடல்களில் பேஸை ஊதிவிட்டிருப்பார்கள், ஆப்பில் ஈக்வலைசர் (பேஸ், குரல், உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

பெரிய குறை ஆயுள். ஒவ்வொரு பட்டிலும் இருப்பது மொச்சைக்கொட்டை அளவு லித்தியம் பேட்டரி. லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜுக்குள் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 5 மணி நேரம் ஓடும் பட்ஸை தினம் 4 மணி நேரம் கேட்டால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 290 சார்ஜ். இரண்டாவது வருடத்தில் சரிவு தெரிய ஆரம்பிக்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சரியாது. பேட்டரியை மாற்றப் பெரும்பாலான மாடல்களில் வழியில்லை. ஒரு பட்ஸ் தொலைந்தால் தனியாக ஒன்று வாங்குவதும் லேசில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியில் 'ஈஎன்சி' என்று போட்டிருப்பதைப் பார்த்து வெளிச்சத்தம் கேட்காது என்று வாங்கிவிடுகிறார்கள். ஈஎன்சி என்பது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றிய இரைச்சலைக் குறைப்பது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. உங்களுக்குச் சத்தம் குறைய வேண்டுமென்றால் 'ஏஎன்சி' இருக்க வேண்டும். அதுவும் பஸ் என்ஜின், ஃபேன், ஏசி போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாகக் குறைக்கும். ஹாரனும் பக்கத்து சீட்டுக்காரர் போன் பேச்சும் வந்துகொண்டேதான் இருக்கும்.

பாட்டோடு போன் பேச்சும் உடற்பயிற்சியும் சரிபாதி என்றால் இயர்பட்ஸ் வாங்குங்கள். பாட்டு மட்டும்தான் என்றால் இந்தக் காசுக்கு நான் வாங்கமாட்டேன்.

## நெக்பேண்ட்

கழுத்தில் கிடப்பதால் தொலையாது, பேட்டரி சற்றுப் பெரியது, ஒரே சார்ஜில் நாள் முழுக்க ஓடும். இயர்பட்ஸைவிட மலிவு. டெலிவரி வேலை, கடை வேலை என்று காலை முதல் இரவு வரை போன் பேச வேண்டியவர்களுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. பாட்டுக்காக மட்டும் என்றால் ஒலி இயர்பட்ஸ் அளவுக்குத்தான். நான் வாங்கிய ஒன்று பதினான்காம் மாதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தியது. வாரன்டி பன்னிரண்டு மாதம்.

## தலையில் மாட்டும் ப்ளூடூத் ஹெட்போன்

காதுக்குள் எதையும் செருகப் பிடிக்காதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் வழி. பேட்டரிக்கு இடம் இருப்பதால் நீண்ட நேரம் ஓடும். சோனியின் டபிள்யூஹெச்-சிஹெச்520 ஒரே சார்ஜில் 50 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி, எடை 147 கிராம்தான். ஆனால் அது 2,500க்குள் வராது, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வரம்புக்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பேஸ் மூட்டைகள்.

காது முழுவதையும் மூடும் வகையா, காது மேல் உட்கார்ந்து அழுத்தும் வகையா என்று படத்தை உற்றுப் பாருங்கள். அழுத்தும் வகை ஒரு மணி நேரத்தில் வலி கொடுக்கும், கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். மூடும் வகையில் வியர்க்கும். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், ரெக்சின் மெத்தை ஒரு பாட்டு முடிவதற்குள் நனைந்துவிடும். அந்த ரெக்சினே நம் ஊர் ஈரப்பதத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் செதில் செதிலாக உரிந்து காதோரம் கறுப்பாக ஒட்டும். மாற்று மெத்தை உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன் தேடிப் பாருங்கள். 3.5 மி.மீ. ஜாக்கும் சேர்த்து இருந்தால் பேட்டரி செத்த பிறகும் வயர் மாட்டிக் கேட்கலாம்.

லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பும் பாட்டும் இதிலேயே என்று திட்டமிடுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ப்ளூடூத்தில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலி, போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

## தலையில் மாட்டும் வயர் ஹெட்போன்

வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு நீண்ட நாள் முதலீடு இது. சோனியின் எம்டிஆர்-7506 வந்தது 1991இல், கோஸ் போர்ட்டா ப்ரோ 1984இல். இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. பேட்டரி கிடையாது, மெத்தையை மாற்றிக்கொண்டே பல வருடம் ஓட்டலாம்.

சிக்கல், நல்லவை 2,500க்குள் அபூர்வம். ஆடியோ-டெக்னிகாவின் எம்20எக்ஸ்கூட வரம்பைத் தாண்டிவிடும், அதன் வயரும் 3 மீட்டர் நீளம், பஸ்ஸுக்கு ஆகாது. பின்பக்கம் திறந்த வகைகளில் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், அறைத்தோழி தூங்கும் ஹாஸ்டலுக்குச் சரிவராது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய பெயர் ஒன்றை வாங்கும் முன் ஓம் (மின்தடை) கணக்கைப் பாருங்கள். 250, 300 ஓம் ஹெட்போன்களுக்குப் பல போன்களில் சத்தம் போதாது, தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்க வேண்டிவரும். 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் விளக்கெரியும் கேமிங் ஹெட்போனைப் பாட்டுக்கு வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | 2,500க்குள் ஒலி | பஸ், ரயிலில் | எத்தனை வருடம் (என் கணிப்பு) | தனிச் செலவு |
|---|---|---|---|---|
| வயர் இயர்போன் | மிக நன்று | நன்று, ரப்பர் பொருந்தினால் | 3 முதல் 5 | டாங்கிள், எப்போதாவது வயர் |
| இயர்பட்ஸ் | பரவாயில்லை | ஏஎன்சி இருந்தால் நன்று | 2 | தொலைந்தால் புதிதே |
| நெக்பேண்ட் | பரவாயில்லை | பரவாயில்லை | 1 முதல் 2 | பழுது பார்ப்பது கடினம் |
| ப்ளூடூத் ஹெட்போன் | சுமார் | மூடும் வகை பரவாயில்லை | 2 முதல் 3 | மெத்தை |
| வயர் ஹெட்போன் | தேடினால் நன்று | தூக்கிச் செல்லச் சிரமம் | 5க்கு மேல் | மெத்தை, சிலவற்றுக்கு ஆம்ப் |

காசாகப் பார்த்தால்: 2,000 ரூபாய் இயர்பட்ஸ் இரண்டு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 1,000. 1,800 ரூபாய் வயர் இயர்போன், 500 ரூபாய் டாங்கிள், நடுவில் ஒரு முறை 500 ரூபாய் வயர், ஆக 2,800. நான்கு வருடம் ஓடினால் வருடத்துக்கு 700.

## பெட்டி மேல் எழுதியிருப்பவை

'13 மி.மீ. டிரைவர்' (ஸ்பீக்கரின் அளவு) என்பதில் ஒன்றும் இல்லை, 10 மி.மீ. டிரைவர் அதைவிட நன்றாகப் பாடலாம். 'ஹை-ரெஸ்' முத்திரைக்கு 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்ப வேண்டும். இளவயதுக் காதே கேட்பது 20,000 வரைதான். 'எல்டாக்' என்பது ப்ளூடூத்தில் ஒலியை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் நல்ல தொழில்நுட்பம், ஆனால் ஐபோனில் அது இல்லவே இல்லை, அங்கே ஏஏசி என்ற வேறு முறையோடு சரி. இந்த விலையில் நீங்கள் கேட்கும் குறைகள் பெரும்பாலும் சுருதி சேர்த்த விதத்தால் வருபவை, இந்த முத்திரைகள் அதைச் சரிசெய்யாது.

கடையில் இரண்டை ஒப்பிடும்போது ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் கேளுங்கள். சற்று உரக்க ஒலிக்கும் ஹெட்போன்தான் நல்லது என்று காது சொல்லிவிடும், விற்பவர்களுக்கும் அது தெரியும்.

சத்தம் என்றதும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். வெளிச்சத்தம் உள்ளே வரும் ஹெட்போனோடு பஸ்ஸில் ஏறினால் அந்த வெளிச்சத்தத்தை மீற வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவோம். நன்றாக அடைக்கும் இயர்போனில் பாதி வால்யூமே போதும். வண்டி ஓட்டும்போதும் சாலை கடக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

## சரி, என்ன முடிவு

தங்கை மகளிடம் எங்கே கேட்பாய் என்று விசாரித்தேன். இரவில் அறையில், அப்புறம் வாரக்கடைசி ஊருக்கு வரும் ரயிலில். ஓட்டப் பயிற்சி கிடையாது, போன் பேச்சுக்கு ஏற்கெனவே பழைய நெக்பேண்ட் ஒன்று இருக்கிறது. விடை சுலபமாகிவிட்டது: கழற்றும் வயர் வைத்த இயர்போன், டிஏசி உள்ள டாங்கிள், இரண்டும் சேர்த்து 2,400 ஆனது.

உங்களிடம் இருப்பது 1,000 என்றால் மலிவு கேஇசட் ரகம் ஒன்றை வாங்குங்கள், அந்த விலைக்கு ப்ளூடூத் பக்கம் போக வேண்டாம். வயர் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் 2,500இல் ஏஎன்சியும் ஆப் ஈக்வலைசரும் உள்ள இயர்பட்ஸைப் பாருங்கள். காதுக்குள் செருகப் பிடிக்காதவர்கள் இரண்டு மாதம் பொறுத்து 4,000 சேர்த்துக்கொண்டு வாருங்கள். இப்போது எதுவும் வாங்க முடியாதவர்கள், கையில் இருப்பதற்கே ரப்பரை மாற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஆப்பில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கான ஒலித் திருத்தம் தயாராக இருக்கிறது, உங்களுடையதும் அதில் இருக்கலாம்.

வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தினம் ஒரு மணி நேரமாவது கேட்டுவிடுங்கள். இடம் வலம் சரியாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே சத்தமா, காது வலிக்கிறதா என்று பாருங்கள். தங்கை மகள் மூன்றாம் நாள் கூப்பிட்டாள்: "மாமா, பேஸே வரல." எந்த ரப்பர் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.